நொதிக்கு நிறம் தெரியாது



மளிகைக் கடை அலமாரியைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் பளபளவென்று வெள்ளைச் சர்க்கரை. அதன் அருகே பழுப்பு நிற நாட்டுச் சர்க்கரை, அச்சு வெல்லம், பனங்கருப்பட்டி, ஒரு குப்பி தேன், ஒரு பெட்டி குளுக்கோஸ் மாவு. விலையும் ஒன்றல்ல, நிறமும் ஒன்றல்ல. "வெள்ளைச் சர்க்கரை விஷம், நாட்டுச் சர்க்கரை மருந்து" என்று ஒருவர் சொல்வார். "தேன் இயற்கையானது, நீரிழிவுக்காரர்கூட எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். அட்டைப் பெட்டிகளின் மேலும் இதே பாட்டுத்தான்.

யார் சொல்வது சரி? இதைத் தீர்த்துவைக்கும் நடுவர் உங்கள் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறார். அவர்தான் நொதி, அதாவது என்சைம். அவருக்குப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது, நிறம் தெரியாது, விலையும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்று: மூலக்கூறின் வடிவம். ஒரு சர்க்கரை நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன், அது எந்த மூலக்கூறு, அதை எந்த நொதி வெட்டுகிறது, எவ்வளவு உண்கிறோம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாவிட்டால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒரே சூத்திரம், வேறு வேறு சர்க்கரை

குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன என்று நீங்கள் படித்திருப்பீர்கள். பரீட்சையில் அந்தச் சூத்திரத்தை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் பழங்களில் உள்ள ஃபிரக்டோஸுக்கும் அதே சூத்திரம்தான்! பால் சர்க்கரையிலிருந்து பிரியும் காலக்டோஸுக்கும் அதே சூத்திரம்தான்! அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

வேறுபாடு, அணுக்கள் அமர்ந்திருக்கும் விதத்தில் இருக்கிறது. குளுக்கோஸையும் காலக்டோஸையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள். நான்காவது கார்பனில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றில் கீழ்நோக்கியும், மற்றதில் மேல்நோக்கியும் இருக்கும். மற்ற எல்லாம் ஒன்றேதான். ஆறு விரல் உள்ள ஒரு கையில் ஒரே ஒரு விரலை மட்டும் மடக்கியது போன்ற வேறுபாடு இது.

சர்க்கரைகளின் இந்த உள்ளமைப்பைக் கண்டறிந்தவர் ஜெர்மனியின் எமில் ஃபிஷர். குளுக்கோஸில் தொகுதிகள் எந்தெந்தப் பக்கம் உள்ளன என்பதை 1891ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். மூலக்கூறைப் படம் பிடிக்கும் கருவி எதுவும் அன்று கிடையாது. சோதனைக் குழாய், படிகங்கள், துருவ ஒளி, தர்க்கம், இவ்வளவுதான் அவர் கையில் இருந்தவை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒரே குளுக்கோஸிலிருந்து ஒரே ஓர் இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு பொருள்களைத் தயாரித்தார். ஈஸ்டிலிருந்து எடுத்த நொதி ஒன்றை வெட்டியது, மற்றதைத் தொடவில்லை. பாதாம் பருப்பிலிருந்து எடுத்த எமல்சின் என்ற நொதி, ஈஸ்ட் நொதி தொடாததை வெட்டியது; மற்றதை விட்டுவிட்டது! இதைக் கண்ட ஃபிஷர், நொதியும் அது வேலை செய்யும் பொருளும் பூட்டும் சாவியும் போலப் பொருந்த வேண்டும் என்று 1894இல் எழுதினார். நொதி தன் பொருளைப் பிடிக்கும்போது தானும் சற்று வளைந்து கொடுக்கிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது. ஆயினும் அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. 1902இல் ஃபிஷருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கரும்பும் பனையும்

இப்பொழுது அலமாரிக்குத் திரும்புவோம். வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். நூற்றில் 99 பங்குக்கு மேல் அதுதான். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்கும் மூலக்கூறு அது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றிலும் பெரும்பகுதி இதே சுக்ரோஸ்தான். கூடவே கொஞ்சம் தனிக் குளுக்கோஸ், கொஞ்சம் தனி ஃபிரக்டோஸ், ஈரம், சிறிதளவு தாது உப்புக்கள், நிறமும் மணமும் தரும் சில பொருள்கள்.

சுக்ரோஸ் அப்படியே நம் இரத்தத்தில் கலக்க முடியாது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள சுக்ரேஸ் என்ற நொதி, கோத்த கையை நீர் மூலக்கூறு ஒன்றைக் கொண்டு பிரித்துவிடுகிறது. பிரிந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியே உள்ளே செல்கின்றன. இந்த வேலை நடக்கும் இடத்திற்கு வந்து சேரும் சுக்ரோஸ், கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா, ஆலையில் வெளுக்கப்பட்டதா கொப்பரையில் காய்ச்சப்பட்டதா என்று சுக்ரேஸ் கேட்பதே இல்லை. கேட்க அதனால் முடியாது. மூலக்கூறு ஒன்றுதானே!

இதே வேலையைச் செய்யும் ஈஸ்டின் நொதிக்கு இன்வர்டேஸ் என்று பெயர். சுக்ரோஸ் கரைசல் துருவ ஒளியை வலப்பக்கம் திருப்பும். அது உடைந்த பின் கரைசல் ஒளியை இடப்பக்கம் திருப்பும். திசை தலைகீழாவதால்தான் இந்தப் பெயர். 1913இல் பெர்லினில் மைக்கேலிஸும், கானடாவிலிருந்து வந்த மாட் மென்டன் என்ற பெண் மருத்துவரும் இந்தத் திருப்பத்தை அளந்தே நொதிகளின் வேகத்துக்கான விதியைக் கண்டார்கள். கல்லூரிக்குச் சென்று உயிர்வேதியியல் படித்தால் அந்த விதியை நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள்.

நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு இந்த நொதியின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதன் குணம் நன்றாகத் தெரியும். வெட்டிய கரும்பை நாள்கணக்கில் வெயிலில் போட்டுவைத்தால் சர்க்கரை குறைந்துவிடும் என்று ஆலைக்காரர்கள் அவசரப்படுகிறார்களே, ஏன்? கரும்பிலேயே உள்ள இன்வர்டேஸ், சுக்ரோஸை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. உடைந்த சர்க்கரை அதிகமானால் வெல்லம் சரியாக உறையாமல் இளகி நிற்கும். பனையில் கலயம் கட்டுகிறவர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது எதற்காக? சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் முதலிய நுண்ணுயிர்கள் வேலை செய்ய முடியாது. சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லாவிட்டால், ஈஸ்டின் நொதிகள் சர்க்கரையை உடைத்து, பிறகு சாராயமாக்கிக் கள்ளாக்கிவிடும். ஒரு சுண்ணாம்புப் பூச்சு எத்தனை நொதிகளுக்குப் பூட்டுப் போடுகிறது, பாருங்கள்!

தேனீயின் சமையல்

தேன் மட்டும் வேறா? பூவின் மதுவில் பெரும்பாலும் சுக்ரோஸ் இருக்கிறது. தேனீ அதை உறிஞ்சித் தன் சுரப்பிகளிலிருந்து வரும் நொதியால் உடைத்து, நீரை வற்றச் செய்து அடையில் சேர்க்கிறது. ஆகவே தேன் என்பது, நம் குடல் செய்ய வேண்டிய வேலையைத் தேனீ முன்கூட்டியே செய்துவைத்த சர்க்கரை! அதில் குளுக்கோஸ் ஏற்கெனவே தனியாக இருக்கிறது. "இயற்கையானது" என்ற சொல் அந்தக் குளுக்கோஸை இரத்தத்தில் ஏறாமல் தடுத்துவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியும் தேனையும் பழச்சாறுகளையும், நாம் சேர்க்கும் சர்க்கரைக் கணக்கிலேயே வைத்திருக்கிறது.

நண்பர்களே, என்னைத் தவறாக எண்ணிவிடாதீர்கள். கருப்பட்டியையும் தேனையும் நான் பழிக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியின் மணத்துக்கு ஈடு உண்டா? பனைத் தொழிலை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. சுவைக்காக வாங்குங்கள், அந்தத் தொழில் வாழ வேண்டும் என்பதற்காகவும் வாங்குங்கள். அவை நேர்மையான காரணங்கள்.

"வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு டம்ளர் காப்பியில் இடும் வெல்லத்தில் அது மிகச் சிறிதளவே. இரும்புக்காக வெல்லத்தை அதிகமாக உண்டால், கூடவே அத்தனை சர்க்கரையும் உள்ளே போகும். கீரையும் பயறும் அந்தச் சுமை இல்லாமலே இரும்பைத் தருகின்றன.

எவ்வளவு என்ற கேள்விக்கும் அதே வழிகாட்டி நெறி பதில் சொல்கிறது. ஒரு நாள் உணவின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே இத்தகைய சர்க்கரையிலிருந்து வர வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குள் நின்றால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குப் பத்தில் ஒரு பங்கு 200 கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருமானால் இது 50 கிராம். இந்தக் கணக்கில் வெள்ளைக்கு ஒரு நிறை, பழுப்புக்கு ஒரு நிறை என்று எதுவும் கிடையாது.

இதில் யாருக்கு ஆபத்து? நீரிழிவு உள்ள உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறார். அவர்களும் மனக் கட்டுப்பாட்டோடு வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு, நாட்டுச் சர்க்கரைக்கு மாறி, "இதுதான் நல்லதாயிற்றே" என்று ஒரு கரண்டி கூடவே போட்டுக்கொள்கிறார்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் மெல்ல மெல்லக் கெடுகின்றன. அவர்கள் செய்த தியாகம் வீண்! இப்படிப்பட்ட நம்பிக்கையை விற்றுக் காசாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு தொகுதி இடம் மாறினால்

நொதிக்கு நிறம் தெரியாது என்றேன். ஆனால் வடிவ விஷயத்தில் அது எவ்வளவு கறாரானது என்பதற்குப் பாலைப் பாருங்கள்.

பாலில் இருக்கும் லாக்டோஸ், குளுக்கோஸும் காலக்டோஸும் சேர்ந்தது. லாக்டேஸ் என்ற நொதி அதைப் பிரிக்கிறது. பிரிந்த காலக்டோஸை நம் உடல் அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடியாது. நான்காவது கார்பனில் திரும்பியிருக்கும் அந்த ஒரு தொகுதியைச் சரி செய்து, குளுக்கோஸின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கென்றே நொதிகள் சில வரிசையாக நின்று வேலை செய்கின்றன. இந்த வழியைக் கண்டறிந்தவர் அர்ஜென்டினாவின் லூயி லெலுவார். அவர் பெரும் வசதிகளோடு ஆய்வு செய்தவர் அல்லர். ஆரம்ப காலத்தில், குளிரூட்டிய சுழற்சிக் கருவி வாங்க வழியில்லாமல், பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய டயர்களைக் கருவியைச் சுற்றி வைத்துக் குளிர வைத்தார்கள்! 1970இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வரிசையில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் அரிதாக உண்டு. அத்தகைய குழந்தைக்குத் தாய்ப்பாலே தீங்காகிவிடுகிறது. காலக்டோஸிலிருந்து உண்டாகும் பொருள் உடலில் தேங்கி, சில நாள்களிலேயே கல்லீரல் பாதிக்கப்படுகிறது, கண்ணில் புரை விழுகிறது, உயிருக்கும் ஆபத்து. எந்த நொதி இல்லாததால் இது நேர்கிறது என்பதைக் கால்க்கர் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 1956இல் காட்டினார்கள். உடனே கண்டுபிடித்து, லாக்டோஸ் இல்லாத உணவுக்கு மாற்றினால் குழந்தை பிழைக்கும். அதனால்தான் பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். ஒரே சூத்திரம் என்று நாம் கரும்பலகையில் எழுதும் இரண்டு சர்க்கரைகளுக்கு இடையே, ஒரு சிசுவின் உயிர் நிற்கிறது.

ஏமாந்த நொதி

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, சிறு கருவியில் குளுக்கோஸ் அளவைப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதில் செருகும் பட்டையில் இருப்பதும் ஒரு நொதிதான். பல பட்டைகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இருக்கும். தேனைக் கெடாமல் வைத்திருக்கத் தேனீ அதில் சேர்க்கும் நொதியும் இந்த வகையே! இது மிகவும் கண்டிப்பானது. குளுக்கோஸை மட்டுமே பிடிக்கும், மற்றச் சர்க்கரைகளை ஏறக்குறையத் திரும்பியே பார்க்காது.

வேறு சில பட்டைகளில் குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் ஒரு வகையைப் பயன்படுத்தினார்கள். அந்த வகைக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. மால்டோஸையும் காலக்டோஸையும்கூடக் குளுக்கோஸ் என்றே எண்ணிக்கொள்ளும். சிறுநீரகம் பழுதான சில நோயாளிகளுக்கு வயிற்றுக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். அந்தத் திரவங்களில் ஒன்று உடலில் உடைந்து மால்டோஸைத் தரும். கருவி மால்டோஸையும் சேர்த்து எண்ணி, "சர்க்கரை மிக அதிகம்" என்று காட்டியது. அதை நம்பி இன்சுலின் ஏற்றினார்கள். உண்மையில் குளுக்கோஸ் ஏற்கெனவே குறைவாக இருந்தது! 1997 முதல் 2009 வரை இவ்வாறு தொடர்புபட்ட 13 மரணங்கள் பற்றித் தகவல் வந்ததாக, அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரிக்கை வெளியிட்டது.

"சர்க்கரை" என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை மூலக்கூறுகள் ஒளிந்திருக்கின்றன! எந்தச் சர்க்கரை, எந்த நொதி என்று கேட்பது பரீட்சைக்கான கேள்வி மட்டுமல்ல என்று இப்பொழுது ஒப்புக்கொள்வீர்கள் அல்லவா?

நீங்களே சோதித்துப் பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் உடனிருக்க, இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

ரொட்டிக் கடையில் பயன்படுத்தும் ஈஸ்ட் தூளில் அரைக் கரண்டி எடுத்து, வெதுவெதுப்பான நீரில் கலக்கி வடிகட்டுங்கள். வடிகட்டிய நீரில் பாதியைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். மூன்று சோதனைக் குழாய்கள் தேவை. முதல் குழாயில் வெள்ளைச் சர்க்கரைக் கரைசலும் கொதிக்காத ஈஸ்ட் நீரும். இரண்டாவதில் அதே சர்க்கரைக் கரைசலும் கொதித்த ஈஸ்ட் நீரும். மூன்றாவதில் கொதிக்காத ஈஸ்ட் நீர் மட்டும். மூன்றையும் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் நிறுத்திவையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்து, கொதிநீரில் ஐந்து நிமிடம் வையுங்கள்.

முதல் குழாய் செங்கல் நிறமாகும். சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வெளிப்பட்டதற்கு அதுவே சாட்சி. இரண்டாவது நீலமாகவே நிற்கும். கொதித்ததில் நொதியின் வடிவம் குலைந்துபோயிற்று. மூன்றாவதும் நீலமாகவோ, மிகச் சிறிது மாறியோ இருக்கும். அது எதற்காக? சிவப்பு ஈஸ்ட் நீரிலிருந்தே வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

அடுத்து, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரையை வைத்துச் செய்யுங்கள். முதல் குழாய் அதேபோலச் சிவக்கும். ஆனால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. கொதித்த ஈஸ்ட் நீர் சேர்த்த குழாய்கூட இம்முறை நிறம் மாறக்கூடும்! ஏன் என்று நீங்களே சொல்லுங்கள் பார்க்கலாம். பழுப்புச் சர்க்கரையில் சிறிதளவு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏற்கெனவே தனியாக இருக்கின்றன என்று முன்பே சொன்னேன் அல்லவா? "மெதுவாக ஏறும் சர்க்கரை" என்று புகழப்படுவதில் ஒரு பங்கு, நொதிக்குக்கூடக் காத்திராமல் தயாராக நிற்கிறது!

நம் பள்ளிகளில் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குச் செலவழிக்கும் நேரத்தில், இந்த மூன்று குழாய்களை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது கையில் பிடிக்க வேண்டும். களிமண் உருண்டைகளையும் ஈர்க்குச்சிகளையும் கொண்டு குளுக்கோஸையும் காலக்டோஸையும் கட்டிப் பார்க்க வேண்டும். செலவு அதிகமில்லை. மறந்துபோகும் சூத்திரத்தைவிடக் கையால் கட்டிய வடிவம் நெடுநாள் நினைவில் நிற்கும்.

வீட்டில் பெரியவர்கள் கருப்பட்டியை மருந்து என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தச் சோதனையைப் பற்றிப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். "தாத்தா, கருப்பட்டியும் சர்க்கரைக் கணக்குத்தான், மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்" என்று நீங்கள் சொன்னால், கடைக்காரர் பேச்சைவிடப் பேரனின், பேத்தியின் பேச்சை அவர் கேட்பார்.